அழுத்தி விட வேண்டிய பொத்தான்

என் தம்பி சாப்பிடும்போது இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுவான். தட்டு எங்கும் ஓடிவிடாது என்று அம்மா இருந்த காலத்திலிருந்தே சொல்லிப் பார்த்தாயிற்று. "ஓடாதுன்னு தட்டு எழுதிக் குடுத்திருக்கா?" என்பான். பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் முன்னால் இருக்கும் கம்பியை விட மாட்டான். தூங்கும்போது போர்வையின் ஒரு முனை அவன் முஷ்டிக்குள் இருக்கும். குடும்பத்தில் இதையெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். அவன் ஹெலிகாப்டர் ஓட்டுபவனாகவும், நான் அதே ஹெலிகாப்டரின் ஆட்டோபைலட்டைப் பராமரிப்பவளாகவும் ஆகாமல் இருந்திருந்தால் நானும் மறந்திருப்பேன்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கை வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: தரையிறங்கும் கட்டத்தில் விமானியின் தவறான கையாளல். என் தம்பியின் மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நான் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மருத்துவமனை அறைக்கு வந்தாள்.

"அண்ணி, அவருக்கு ஓட்டத் தெரியலன்னு போட்டிருக்காங்க. பின்னாடி உக்காந்திருந்தது நீங்க. உங்களுக்குத் தெரியாததா? நடந்தது என்னன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நாளைக்குப் பிள்ளைங்க இதைப் படிக்கும்ல."

எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். தம்பியின் பெயர் அந்த வரியில் நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் இந்தத் தாளை அவளும் படிப்பாள்.

ஹெலிகாப்டர் தானாக நிற்கிற பொருள் இல்லை. உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்துவது போலத்தான். கையை எடுத்தால் சில நொடிகளில் ஏதாவது ஒரு பக்கம் சாயும். விமானியின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு ஸ்டிக் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறானோ அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் போகும். ஒரு மணி நேரம் அதையே பிடித்திருந்தால் கை மரத்துப்போகும். அதற்காகத்தான் ட்ரிம். ஸ்டிக்கின் அடியில் ஒரு ஸ்பிரிங், அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு காந்தம். ஸ்டிக்கின் தலையில், கட்டைவிரலுக்கு வாகாக ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் காந்தம் விட்டுவிடும். ஸ்டிக் தளர்ந்து போகும். வேண்டிய இடத்தில் வைத்து விரலை எடுத்தால் காந்தம் மறுபடி கவ்வும். இனி ஸ்பிரிங் அதை அங்கேயே நிறுத்தும். யாராவது தள்ளினால்கூடத் தள்ளிய கை விலகியதும் பழைய இடத்துக்கே திரும்பி வரும்.

ஆட்டோபைலட்டுக்கு இரண்டு கைகள். ஒன்று வேகமான கை. உள்ளேயிருக்கும் சின்ன மோட்டார்கள், காற்றின் ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் சொல்லும். ஆனால் அவற்றுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு, முழு அசைவில் பத்தில் ஒரு பங்கு. இன்னொன்று நிதானமான கை. வேகமான கை தன் எல்லையை நெருங்கும்போது, ஸ்டிக்கையே மெல்ல நகர்த்தி அதை நடுவுக்குக் கொண்டுவரும். நிதானமான கை வேலை செய்யவேண்டுமானால் அந்தக் காந்தம் கவ்வியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆட்டோபைலட்டுக்கு ஒரு கைதான்; அதுவும் கொஞ்ச நேரத்தில் முட்டி நின்றுவிடும். விட்டுப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

என் தம்பி விட மாட்டான்.

புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை அவன் கட்டைவிரல் பொத்தானின் மேல்தான். ஒரே வருடத்தில், அவன் உட்காரும் வலது இருக்கைப் பொத்தானை மூன்று முறை மாற்றினேன். இடது பக்கத்துப் பொத்தான் வந்த புதுசு போல இருந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டே பறந்துவிட்டு வந்து, இறங்கியதும் லாக் புத்தகத்தில் எழுதுவான்: ஆட்டோபைலட் பிடிக்கவில்லை. நான் தரையில் எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டி, மூன்று மணி நேரம் அளந்து, அதற்குக் கீழே எழுதுவேன்: சோதித்தேன், குறை இல்லை. சில நாளில் மறுபடியும் அதே வரி. அதற்குக் கீழே மறுபடியும் என் வரி. பதினான்கு மாதத்தில் இருபத்து மூன்று முறை. மேலேயிருக்கும் அணைக்கட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் சின்ன நிறுவனம் எங்களுடையது. இரண்டே ஹெலிகாப்டர். லாக் புத்தகத்தை எல்லோரும் படிப்பார்கள். ஹெலிகாப்டர்கள் நிற்கும் ஹேங்கரில் அவனுக்குக் 'கட்டைவிரல்' என்று பெயர். எப்போதும் கையில் அளவு மீட்டரோடு அலைவதால் எனக்கு 'மீட்டர்'.

"மீட்டர், இன்னைக்கு உங்க வீட்டுக் கடுதாசி வந்துருச்சு," என்று புத்தகத்தை நீட்டுவார்கள்.

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்," என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் என்னையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சமையலறை மேசையில் குடுவையை ஸ்டிக்காக வைத்து அவனுக்கு விளக்குவேன். அழுத்து, வை, விடு. அழுத்து, வை, விடு. அவன் தலையாட்டுவான்.

"அக்கா, நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா நீ தரையில உக்காந்து சோதிக்கிற. நான் மேகத்துக்குள்ள இருக்கேன்."

"மேகத்துக்குள்ளயும் மின்சாரம் அப்படியேதான்டா ஓடும்."

"ஓடும். ஓடாமயும் இருக்கும்."

அவன் மனைவி குறுக்கே வருவாள். "சாப்பிடும்போதாவது ரெண்டு பேரும் இறங்கி வாங்க."

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால் மழைக்காலத்தில் பறக்க முடியாது. மழைக்காலத்தில் பறக்க முடியாதவன் எங்கள் நிறுவனத்துக்குத் தேவையில்லை. என் தம்பி இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டு முறையும் தேர்வாளர் ஒரே காரணத்தைத்தான் எழுதினார்: ஆட்டோபைலட்டைப் பயன்படுத்தாமல் கையாலேயே ஓட்டிக் களைத்துப் போகிறார். மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதற்கு ஒன்பது நாள் இருந்தபோது அவன் இருபத்து மூன்றாவது முறையாக எழுதினான்.

தலைமைப் பொறியாளர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் லாக் புத்தகம் விரிந்திருந்தது.

"இது வீட்டுச் சண்டையா, மெஷின் கோளாறான்னு எனக்குப் புரியல. மெஷின் சரியா இருந்தா இவன் தேற மாட்டான், போவான். மெஷின் சரியில்லன்னா இத்தனை தடவை சரின்னு கையெழுத்துப் போட்ட நீ போகணும். யாரு போறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அவன் என் தோளில் கைபோட்டான். "நீயெல்லாம் போக மாட்ட அக்கா. நான் பாத்துக்கறேன்," என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. குறையே இல்லாத இயந்திரத்துக்கு அவன் என்னை மன்னிப்பது போல இருந்தது.

நான் ஒரு சோதனைப் பெட்டி செய்தேன். உங்கள் அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் அதன் படம் இருக்கிறது. அவன் பொத்தானிலிருந்து வரும் கம்பியை அந்தப் பெட்டி வழியாகத் திருப்பி விட்டேன். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எத்தனை நேரம் எரிந்தது என்று ஒரு கடிகாரம் கணக்கு வைக்கும். தலைமைப் பொறியாளர் அனுமதித்தார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார வேண்டியது, அவன் பறக்க வேண்டியது, குற்றம் விரலிலா கம்பியிலா என்று தெரிந்துவிடும். பெட்டியில் ஒரு சின்ன விசையும் இருந்தது. அது தரைச் சோதனைக்கு என்று உங்களிடம் சொன்னேன். கம்பியைத் துண்டிப்பதற்கான விசை அது. தரைச் சோதனைக்கு அப்படி ஒரு விசை தேவையே இல்லை. உங்கள் ஆட்களில் ஒருவராவது இதைக் கேட்பார் என்று நினைத்தேன், யாரும் கேட்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். இடது இருக்கை காலி. விளக்கு எரியத் தொடங்கியது, எரிந்துகொண்டே இருந்தது. மேக அடுக்குக்குள் போனோம், வெளியே வந்தோம், திரும்பினோம். அவன் கழுத்தின் பின்புறம் வேர்த்திருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பார்கள் என்று சொல்வதுண்டு; இவன் தும்பும் பிடிக்காமல் மாட்டையே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நடக்கிறவன்.

முப்பத்து நாலாவது நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அவனாகவே விரலை எடுத்திருந்தான். ஆறு நிமிடம் எடுத்திருந்தான். அந்த ஆறு நிமிடமும் ஹெலிகாப்டர் மேசையில் வைத்த தண்ணீர் டம்ளர் போல இருந்தது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். பதினான்கு மாதமாக நான் சொல்லிவந்ததை இயந்திரமே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு விளக்கு மறுபடி எரிந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் அவன் குரல் வந்தது.

"பாத்தியா அக்கா. பிடிக்கல."

பிடித்துக்கொண்டுதான் இருந்தது. துளி சாயவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கும் நடந்ததற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நான்கு வருடத்துக்கு முன், முந்நூறு அடி உயரத்தில், அந்த நிதானமான கையின் ட்ரிம் மோட்டார் ஒன்று தானாக ஓடி அவன் கையிலிருந்து ஸ்டிக்கை இழுத்துப் போட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்ததால்தான் தப்பினான். அந்த மோட்டாரைப் பொருத்தியவள் நான். இணைப்பில் ஒரு ஊசி வளைந்திருந்தது. இறங்கியதும் அவன் என்னிடம் மட்டும் சொன்னான். நான் ஊசியை மாற்றினேன். அவன் லாக் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அப்போதே என் உரிமம் போயிருக்கும். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை. ஒரு வளைந்த ஊசிக்கு நான்கு வருடம் என்பது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"பிடிக்கல" என்று அவன் சொன்னபோது நான் விசையைத் தள்ளினேன்.

அவன் தேர்வில் தேற வேண்டும் என்பதற்காகத்தான் தள்ளினேன். பொத்தான் செத்துவிட்டால் விரலுக்கு வேலை இல்லை. வேறு வழியில்லாமல் ஆட்டோபைலட்டை நம்பித்தான் ஆக வேண்டும். இறங்கிய பிறகு உண்மையைச் சொல்லி, "பாத்தியா, பொத்தானே இல்லாம ஓட்டிட்டு வந்துட்ட" என்று சிரிக்கலாம் என்றிருந்தேன். ஏழு நிமிடப் பயணம்தான் மிச்சம்.

நான் தள்ளிய நேரத்தில் அவன் இறங்கத் தொடங்கி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தான். காந்தம் அந்த இடத்தில் கவ்விக்கொண்டது. ஸ்டிக்கும் சரியாக அங்கேதான் இருந்தது, சின்னச் சின்ன அசைவுக்கு ஸ்பிரிங்கின் இழுப்பு உறைக்காது, அதனால் அவனுக்குத் தெரியவில்லை. விளக்கு பொத்தான் பக்கத்துக் கம்பியில் இருந்தது. அது எரிந்துகொண்டே இருந்தது. அழுத்துவது வேலை செய்கிறது என்றே அவன் நினைத்தான். மைதானம் தெரிந்தது. வேகத்தைக் குறைக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். இழுத்தான். அப்போதுதான் ஸ்பிரிங் அவன் கையை எதிர்த்தது.

"அக்கா, ஸ்டிக் இறுகுது. நீ ஏதாவது தொட்டியா?"

"இல்ல."

"பொத்தான் அழுத்தித்தான் இருக்கேன். விட மாட்டேங்குது."

அந்த வகை ஹெலிகாப்டரில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி கிடையாது. அதனால் இந்த வாக்கியங்கள் உங்கள் அறிக்கையில் இல்லை. முன் பலகையில் ட்ரிம்மை மொத்தமாக அணைக்கும் விசை ஒன்று இருக்கிறது. "அதை அணைடா" என்றால் போதும். இரண்டே சொல். அல்லது என் மடியிலிருந்த விசையை நானே திருப்பித் தள்ளியிருக்கலாம். அதற்குச் சொல்லும் தேவையில்லை. அவன் கேட்டதிலிருந்து எல்லாம் முடியும்வரை ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அவசரத்தில் தோன்றவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். தோன்றியது. விசையை இப்போது திருப்பினால் அவன் விரல் மறுபடி வேலை செய்யும், இறங்கியதும் அவன் இருபத்து நாலாவது முறையாக எழுதுவான் என்றும் தோன்றியது.

"ஒண்ணும் ஆகல," என்றேன். "நீ அதோட மல்லுக்கு நிக்கிற. கையத் தளர்த்து. பிடிக்கும்."

"இந்த உயரத்துலயா?"

"என்னை நம்பு. விடு."

நூற்றைம்பது அடி இருக்கும். மூக்கு மேலே தூக்கியிருந்தது. ஆட்டோபைலட்டின் கணக்கில் மூக்கு இன்னும் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். அந்த நிலையைத்தான் அது நினைவில் வைத்திருந்தது. கையைத் தளர்த்தினால் அந்த நிலைக்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். இதை நான் தெரியாமல் சொல்லவில்லை. மூக்கு தாழும், அவன் திடுக்கிடுவான், நாலு நொடியில் ஸ்பிரிங்கைப் புரிந்துகொண்டு மறுபடி இழுப்பான், அத்தோடு பாடம் படிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நாலு நொடி நியாயமான கணக்குத்தான். உயரம் மூன்று நொடிக்குத்தான் இருந்தது.

"சரி, நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு அவன் கையைத் தளர்த்தினான். பின்னாலிருந்து பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசியாகக் கட்டைவிரல். விளக்கு அணைந்தது.

மோதியதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சரி. எனக்குச் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சத்தம் நின்றபோது நான் இருக்கை வாரில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். பெட்டி கம்பியோடு என் முழங்காலருகே கிடந்தது. முதலில் விசையைப் பழைய நிலைக்குத் தள்ளினேன். பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டேன். உங்கள் ஆய்வகம் அந்தக் கம்பியைச் சோதித்துத் தொடர்ச்சி சரியாக இருப்பதாக எழுதியது அதனால்தான்.

அவன் உயிரோடு இருந்தான். பதினோரு நிமிடம் இருந்தான். அவன் மனைவியிடம், அவனுக்கு நினைவே திரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அவன் பேசினான். வலியைப் பற்றிப் பேசவில்லை, பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, நான் சரியாத்தானே விட்டேன்?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே விட்டுப் பழகியிருக்கணும்டா," என்றேன்.

அவன் யோசிப்பது போல இருந்தான். அப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே ஐயா, விமானியின் தவறான கையாளல் என்ற வரியை நீங்கள் எடுத்துவிடலாம். அவன் அன்றைக்குத் தவறாக எதையும் கையாளவில்லை. சொன்னதைச் செய்தான். கம்பியைத் துண்டித்தது நான். துண்டித்ததை மறைத்தது நான். விடு என்று சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவன் மனைவிக்கு இதன் நகலை நீங்களே கொடுத்துவிடுங்கள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையைத் திருத்தும்போது முப்பத்தெட்டாம் பக்கத்தில் இரண்டாவது பத்தியை மட்டும் அடித்துவிட வேண்டாம். ஆட்டோபைலட் கடைசி நொடிவரை குறையின்றி வேலை செய்தது என்று அதில் இருக்கிறது. அது உண்மை. விளக்கு எரிந்த நேரம் நாற்பத்தொரு நிமிடம்; மொத்தம் பறந்தது நாற்பத்தேழு. முடிந்தால் அந்தக் கணக்கையும் அதற்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள். அந்த இருபத்து மூன்று வரிக்கும் அவன் விரல்தான் காரணம் என்று நான் சொல்லிவந்தது சரிதான் என்பது தெரியவேண்டும்.